ஸ்டீராய்டு மாத்திரையை மாத்திக் குடுத்துட்டாங்க, 43,700 ரூபாய் போச்சு. தயவுசெஞ்சு படிங்க

ஈரோட்டுல ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்து எழுதறேன். கை இன்னும் நடுங்குது.

எங்க அப்புச்சிக்கு 71 வயசு. சென்னிமலையில நாப்பது வருசம் தறி ஓட்டுனவரு, வீசிங் பழைய கதை. போன வாரம் ரொம்ப முத்திப் போயி அட்மிட் பண்ணுனோம். மெத்தில்பிரட்னிசோலோன்ங்கற ஸ்டீராய்டு ஊசி, 40 மில்லிகிராம் காலையும் பொழுதோடவும். மூணு நாள்ல தெளிஞ்சுட்டாரு. சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்பறப்ப அதே மருந்துல 16 மில்லிகிராம் மாத்திரை, காலையில ரெண்டு, அஞ்சு நாளைக்குன்னு டாக்டர் எழுதிக் குடுத்தாரு.

வீட்டுக்கே மருந்து கொண்டு வர்ற ஒரு போன் ஆப்புல சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்புனேன். பத்து நிமிசத்துல அவங்க பார்மசிஸ்ட்னு ஒருத்தர் கூப்பிட்டாரு. நம்ம ஊர்ப் பேச்சு. "ஏனுங்ண்ணா, அந்த மாத்திரை இப்ப ஸ்டாக் இல்லீங்க. டெக்ஸாமெத்தசோன் அனுப்பறேன், அதுவும் ஸ்டீராய்டுதானுங்க, அதே வேலைதான் செய்யும். அதே மாதிரி காலையில ரெண்டு குடுங்க. வெசனப்படாதீங்க." அந்தக் குரல்ல அவ்வளவு நிதானம். சரிங்கன்னுட்டேன். ஆப்புல ஒப்புதல் பட்டனையும் அமுத்துனேன்.

ஞாயித்துக்கிழமை காலையில அப்புச்சி உள்ளங்கையில வெச்சுப் பாத்துட்டு, "ஆஸ்பத்திரில கடைசி நாள் குடுத்தது பெருசா இருந்துச்சே கண்ணு, இது இத்தினியூண்டு இருக்குது?"ன்னாரு. அதே மருந்துதானுங்க அப்புச்சி, முழுங்குங்கன்னு தண்ணி குடுத்தது நான்தான்.

செவ்வாய் ராத்திரி ரெண்டு மணிக்குக் கட்டில் விளிம்பைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. பேச்சு வரல. 108ல கொண்டு வந்தோம், ஆக்சிஜன் 86.

டாக்டர் அட்டையைப் பாத்ததும் பில்லு பின்னாடியே கணக்குப் போட்டுக் காட்டுனாரு. பிரட்னிசோலோன் 5 மில்லிகிராம், மெத்தில்பிரட்னிசோலோன் 4, ஹைட்ரோகார்டிசோன் 20, டெக்ஸாமெத்தசோன் 0.75, இது நாலும் ஏறக்குறைய ஒரே பலம். ஊசியில இருந்து மாத்திரைக்கு மாறுறது பெரிய சிக்கல் இல்லையாம், இந்த மருந்து வாய் வழியாவும் பெரும்பகுதி ஒடம்புல சேந்துரும். மருந்தோட பேரு மாறுனாத்தான் அளவும் மாறணும். அவர் எழுதுன 32 மில்லிகிராமுக்கு டெக்ஸாமெத்தசோன் 6 வேணும். எங்களுக்கு வந்தது 0.5 மாத்திரை. ரெண்டு சேத்தா ஒண்ணு, அதாவது ஆறுல ஒரு பங்கு. ஊசியில நாளுக்கு 80 போயிட்டு இருந்த ஒடம்புக்கு, எண்ணிக்கையை மட்டும் அப்படியே வெச்சு 5 மில்லிகிராம் சொச்சத்துக்கான பலம்தான் குடுத்திருக்கோம். ரெண்டு ரெண்டுன்னு எண்ணிக் குடுத்தேனே!

ரெண்டாவது அட்மிஷனுக்கு 43,700 ரூபாய். அம்மா சீட்டுப் போட்டு வெச்சிருந்த காசு.

ஆப்புக்குக் கூப்பிட்டா மொதல்ல 24 மணி நேரத்துல பேசுவாங்கன்னாங்க. யாரும் பேசல. மறுபடி கூப்பிட்டா வேற ஒரு பொண்ணு, "ரெண்டும் ஸ்டீராய்டுதானுங்களே சார்?" மூணாவது ஆளு, நீங்கதானே ஒப்புதல் குடுத்தீங்கன்னு என்மேலயே திருப்பி விட்டாரு. கடைசியா மாத்திரைக் காசைத் திருப்பித் தர்றாங்களாம்! 43,700 ரூபாய் செலவு பண்ணி நிக்கறவன்கிட்ட மாத்திரைக் காசு. என்கிட்ட பேசுன பார்மசிஸ்ட் பேரைக் கேட்டா, சொல்ல முடியாதாம்.

என்ன செய்யணும்னு விரிவா எழுதலாம்னுதான் ஆரம்பிச்சேன், நர்ஸ் கூப்பிடறாங்க. சட்டுனு சொல்லிடறேன். சீட்டுல இருக்கற மருந்துப் பேரும் மில்லிகிராமும் அட்டையில இருக்கறதும் ஒண்ணான்னு எழுத்து எழுத்தாப் பாருங்க. மாத்துறோம்னு எவன் சொன்னாலும், எழுதுன டாக்டர்கிட்ட கேக்காம வாங்காதீங்க. சீட்டுக்கு மட்டும் குடுக்கற மருந்தைக் கடைக்காரர் தன் இஷ்டத்துக்கு மாத்தக்கூடாதுன்னு 1945 மருந்து விதிகள்லயே இருக்குது. வாரக்கணக்கா ஸ்டீராய்டு சாப்பிடறவங்க திடீர்னு நிறுத்தவும் கூடாது, அது உயிருக்கே வெனையாயிரும். வயசானவங்க மாத்திரை சிறுசா இருக்குதுன்னு சொன்னா, நின்னு கேளுங்க. நான் கேக்கல.

அட்டையையும் பில்லையும் தூக்கிப் போட்டுறாதீங்க. நுகர்வோர் உதவி எண் 1915ல சொல்லியாச்சு, நாளைக்கு மருந்து ஆய்வாளர் ஆபீஸுக்கு அந்த அட்டையோட போறேன்.