பஞ்சாயத்து நடத்தும் வீட்டுப் பராமரிப்பு: சித்தூர் வட்டத்திலிருந்து இரண்டாண்டு அனுபவம்

பக்கவாதம் வந்து படுக்கையில் விழுந்த என் மாமனாரை 2022 ஆகஸ்ட் முதல் 2024 செப்டம்பரில் அவர் காலமாகும் வரை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டோம். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில், எங்கள் கிராமப் பஞ்சாயத்து நடத்திவரும் பாலியேட்டிவ் (தீராத நோயாளிகளின் வலியையும் துன்பத்தையும் தணிக்கும்) வீட்டுப் பராமரிப்புச் சேவைதான் அந்தக் காலம் முழுவதும் எங்களுக்குக் கைகொடுத்தது. இந்தச் சேவை எப்படி இருக்கிறது என்பதோடு, அதை மேற்பார்வையிடும் பொறுப்பு யாருடையது, அந்தப் பொறுப்பு எவ்வளவு தூரம் நிறைவேறுகிறது என்பதையும் எழுதுகிறேன். சேவையின் தரம் கடைசியில் அதைப் பொறுத்தே அமைகிறது என்பதை நாங்கள் அனுபவத்தில் கண்டோம்.

எங்கள் வார்டின் சுகாதாரத் தொண்டரான ஆஷா பணியாளரிடம் சொன்ன நான்காம் நாளே நர்ஸ் ஜீப்பில் வந்து சேர்ந்தார். நோயாளியைப் பார்த்து, பதிவேட்டில் பெயர் எழுதி, எங்களுக்கென ஒரு கோப்பும் திறந்து வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார். அன்று முதல் பொதுவாகப் பத்து நாளுக்கொரு முறை வந்தார். இரத்த அழுத்தம் பார்ப்பது, சிறுநீர்க் குழாய் மாற்றுவது, இடுப்பில் வந்த படுக்கைப் புண்ணைக் கழுவிக் கட்டுவது எல்லாம் அவர் வேலை. காற்று மெத்தை ஒன்றை இரவலாகக் கொடுத்தார்கள். எதற்கும் ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. இவை எல்லாவற்றையும்விட நான் மதிப்பது, அவர் எங்களுக்குக் கற்றுக்கொடுத்ததைத்தான். இரண்டு மணி நேரத்துக்கொரு முறை எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பது, தலையணையை எங்கே முட்டுக்கொடுப்பது, தோல் சிவந்தால் எதைக் கவனிப்பது என்று என் கணவரையும் என்னையும் செய்ய வைத்துப் பார்த்த பிறகே அவர் கிளம்புவார். ஆழமாக இருந்த அந்தப் புண் மூன்று மாதத்தில் ஆறியது.

1993இல் கோழிக்கோட்டில் சில மருத்துவர்கள் தொடங்கிய வலி நிவாரண முயற்சி, பிறகு மலப்புறம் பகுதியில் ஊர்மக்களே தொண்டர்களாக வீடு வீடாகச் செல்லும் இயக்கமாகப் பரவியது. 2008இல் கேரள அரசு அதற்கெனக் கொள்கை அறிவித்தது. அதைத் தொடர்ந்து உள்ளாட்சிகள் தங்கள் ஆண்டுத் திட்டத்தில் இதையும் சேர்த்து நடத்தத் தொடங்கின. அதற்கு வழிசெய்தது 1990களின் நடுவில் எடுத்த ஒரு முடிவு. அப்போதே ஆரம்ப சுகாதார நிலையங்கள் கிராமப் பஞ்சாயத்துகளின் பொறுப்புக்கு மாற்றப்பட்டன. அதனால் இன்று திட்டத்தைச் செயல்படுத்துபவர் சுகாதார நிலைய மருத்துவர் என்றாலும், நிர்வாகக் குழுவுக்குத் தலைமை வகிப்பவர் பஞ்சாயத்துத் தலைவரே. மாதத்தில் எத்தனை நாள் வண்டி ஓடும், நர்ஸின் ஒப்பந்தம் எப்போது புதுப்பிக்கப்படும், கட்டுத்துணிக்கும் குழாய்க்கும் எவ்வளவு பணம் ஒதுக்கப்படும் என்ற கேள்விகளுக்கெல்லாம் நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர்களே பதில் சொல்ல வேண்டும்.

அந்தப் பதிலைக் கேட்டு வாங்க வேண்டிய நிலை 2023 ஏப்ரலில் எங்களுக்கு வந்தது. பழைய நிதியாண்டோடு நர்ஸின் ஒப்பந்தம் முடிந்திருந்தது; புதிய ஆண்டுக்கான திட்ட ஒப்புதல் வந்து சேரவில்லை. ஐந்து வாரம் யாரும் வரவில்லை. வரமாட்டார்கள் என்று முன்கூட்டிச் சொல்லவும் ஆளில்லை. ஒரு நள்ளிரவில் குழாய் அடைத்துக்கொண்டு மாமா வலியில் துடித்தபோது, பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளியிருந்து தனியார் நர்ஸ் ஒருவரை அழைத்து வந்து மாற்றினோம். பணம் பெரிதில்லை. எங்களைப் போல் பணம் புரட்ட முடியாத வீடுகள் அதே பதிவேட்டில் எத்தனை இருந்திருக்கும் என்ற நினைப்புத்தான் இன்றும் உறுத்துகிறது.

கேரளப் பஞ்சாயத்துச் சட்டப்படி ஒவ்வொரு வார்டிலும் மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கிராம சபை கூட வேண்டும். தொடர்ந்து இரு முறை கூட்டத் தவறினால் வார்டு உறுப்பினரின் பதவியே பறிபோகும். மே மாதம் கூடிய சபைக்கு என் கணவர் போய், அந்த ஐந்து வாரத்தை நாள்வாரியாக எழுதிக் கொடுத்தார். உறுப்பினர் மழுப்பவில்லை. தவறு நடந்ததை ஒப்புக்கொண்டு நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றினார். பத்து நாளில் மாற்று நர்ஸ் வந்தார். அடுத்த ஆண்டு மார்ச் முடிவதற்கு முன்பே ஒப்பந்தத்தை நீட்டித்துத் தீர்மானம் போட்டார்கள். 2024 ஏப்ரலில் ஒரு வருகைகூடத் தவறவில்லை. மேற்பார்வை என்பது எட்டாத அலுவலகம் ஒன்றின் வேலையாக இல்லாமல், பெயர் தெரிந்த, வீடு தெரிந்த ஒருவரின் கடமையாக இருப்பதன் பயன் இதுதான்.

ஆனால் இந்த ஏற்பாட்டில் பெரிய ஓட்டைகள் உள்ளன. படுத்த படுக்கையாக இருப்பவர் சபைக்கு வர முடியாது. அவரைப் பார்த்துக்கொள்பவரும் எளிதில் வெளியே வர முடியாது. எங்கள் வீட்டில் இருவர் இருந்ததால் ஒருவர் போக முடிந்தது. சபையின் நேரம் முழுவதும் வீட்டுத் திட்டத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் பயனாளிகளைத் தேர்ந்தெடுப்பதிலேயே கழிகிறது. அங்கே பாலியேட்டிவ் பற்றி வாசிக்கப்படும் அறிக்கை, இத்தனை வீட்டு வருகைகள் என்ற எண்ணிக்கையோடு முடிந்துவிடுகிறது. புண் ஆறியதா, வலி குறைந்ததா என்ற விவரம் நர்ஸ் எழுதும் கோப்பில் இருக்கிறது. அதை யாரும் தொகுத்துப் பார்ப்பதில்லை. அறிக்கை மலையாளத்தில் மட்டும் வருவதும் ஒரு குறை. தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த எங்கள் வார்டில் அதைப் படிக்க முடியாத பெரியவர்கள் பலர் உண்டு.

எல்லையைத் தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கம் இருக்கும் என் தங்கையின் மாமியாருக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நல்ல திட்டம், மகளிர் குழுவிலிருந்து வரும் தன்னார்வலர் மிகுந்த அக்கறையோடு பார்க்கிறார். ஆனால் அங்கே ஆரம்ப சுகாதார நிலையம் மாநிலப் பொது சுகாதாரத் துறையின்கீழ் இருக்கிறது. அரசியலமைப்பின் பதினோராம் அட்டவணை சுகாதாரத்தையும் ஊராட்சிகளுக்கு உரிய பொருள்களுள் ஒன்றாகச் சொன்னாலும், எங்கள் பஞ்சாயத்துத் தலைவருக்கு உள்ள பொறுப்பு அங்குள்ள ஊராட்சித் தலைவருக்குக் கொடுக்கப்படவில்லை.

இந்தச் சேவை தேவைப்படுவோர் ஆஷா பணியாளரிடமோ வார்டு உறுப்பினரிடமோ சொன்னால் போதும். வீட்டுக் கோப்பில் நர்ஸ் எழுதும் ஒவ்வொரு வருகையையும் தேதியோடு நீங்களும் தனியே குறித்து வையுங்கள். சபையில் எங்கள் பேச்சு எடுபட்டதற்கு அந்தக் குறிப்பே காரணம்.

மாமா இறந்த பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு நர்ஸ் ஒரு முறை வந்து எங்களோடு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். காற்று மெத்தையைத் துடைத்துச் சுருட்டி, அதன் எண்ணைப் பதிவேட்டில் வரவு வைத்து, அன்றே பக்கத்து வார்டிலுள்ள இன்னொரு வீட்டுக்கு எடுத்துச் சென்றார்.