தாத்தாவின் படை எண்: வேலூரிலும் பெங்களூரிலும் தேடிய அனுபவம்

லண்டனில் இருபது ஆண்டுகளாக வசித்துவரும் நான், சென்ற தை மாதம் மூன்று வார விடுப்பில் குடியாத்தம் பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்குப் போனபோது, இரண்டாம் உலகப் போரில் பணியாற்றிய என் தாத்தாவின் பட்டாள விவரங்களை எழுத்தில் பெற்றுவிட வேண்டும் என்று எண்ணியிருந்தேன். அவர் 'பெங்களூர் சேப்பர்ஸ்' என்னும் ராணுவப் பொறியியல் படையில் இருந்தவர் என்பதும், பர்மா சண்டைக்குப் போனவர் என்பதும், நெற்றியில் இருந்த தழும்பு அங்கே குண்டு உரசியதால் வந்தது என்பதும்தான் எங்கள் வீட்டாருக்குத் தெரிந்திருந்தவை.

லண்டனில் இருப்பவனுக்கு இது எளிய வேலை என்று உறவினர்கள் நினைத்தார்கள். முதலில் நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் பெரும்பாலும் அதிகாரிகளைப் பற்றிய தாள்களே கிடைக்கின்றன. சாதாரணச் சிப்பாய்களின் பணி ஆவணங்கள் அந்தந்த ரெஜிமெண்டின் பதிவு அலுவலகத்திலேயே தங்கிவிட்டன. லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் படைப்பிரிவுகளின் போர் நாட்குறிப்புகள் இருந்தாலும், கம்பெனி எண் தெரியாமல் எந்தக் கட்டைக் கேட்பது? காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் தந்தை பெயர், ஊர், மாவட்டம் வரை கிடைக்கும் என்றாலும் அது போரில் இறந்தவர்களுக்கு மட்டுமானது. என் தாத்தாவோ உயிரோடு திரும்பி வந்து ஐந்து பிள்ளைகள் பெற்றவர். இடையில் ஒரு தனியார் ஆய்வு நிறுவனத்துக்குக் கொடுத்த நூற்றைம்பது பவுண்டுக்கு, இலவசமாகக் கிடைக்கும் பக்கங்களின் அச்சுப்படிதான் வந்தது.

ஊரில் அத்தையின் பீரோவில், ஒரு பிஸ்கட் டின்னுக்குள் மூன்று பதக்கங்கள் இருந்தன. அவற்றில் வட்டமான போர்ப் பதக்கத்தைப் பாட்டி ஒரு பஞ்ச காலத்தில் அடகுக் கடைக்குக் கொண்டுபோயிருக்கிறார். உரசிப் பார்த்த கடைக்காரர் வெள்ளி இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டாராம். செம்பும் நிக்கலும் கலந்து அடித்த பதக்கம் அது. கனடாப் படையினருக்குக் கொடுத்ததைப் போல வெள்ளியில் செய்திருந்தால் எங்கள் கைக்கு வந்திருக்காது. மற்ற இரண்டும் ஆறு முனை நட்சத்திரங்கள். கறுத்துப்போயிருந்த ஒன்றை ஈரத் துணியால் மெல்லத் துடைத்து, நடுவட்டத்தில் இருந்த எழுத்துகளைக் கைப்பேசி வெளிச்சத்தில் கூட்டிப் படித்தபோது 'இத்தாலி ஸ்டார்' என்று வந்தது. பர்மாவில் பணியாற்றியவர்களுக்குக் கொடுத்த பர்மா ஸ்டார் அந்த டின்னில் இல்லவே இல்லை. எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்துப் பட்டாளத்துக்காரர்கள் எல்லோரையும் பேச்சில் பர்மாவுக்கு அனுப்பிவிடுவது வழக்கம் என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

பிரிட்டிஷ் வீரர்களின் பதக்கங்களில் பெயர் இராது. இந்திய வீரர்களுக்கு வழங்கியவற்றில் படை எண்ணும் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கும். தாத்தாவின் போர்ப் பதக்கத்து விளிம்பிலும் எண் இருந்தது. ஆனால் யாரோ ஆண்டுக் கணக்கில் புளி போட்டுத் துலக்கியிருந்ததால் கடைசி இரண்டு இலக்கங்கள் தேய்ந்துவிட்டிருந்தன. இந்தத் தேடலில் பெயரை நம்ப முடியாது. முனுசாமி என்னும் பெயரை ஆங்கிலத்தில் எழுத்தர்கள் எத்தனை விதமாக எழுதினார்கள் என்பதற்குக் கணக்கில்லை. எண் ஒன்றுதான் திறவுகோல்.

அந்த இரண்டு இலக்கங்களுக்காகவே வேலூரில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை நாடினேன். ஓய்வூதியம் இல்லாத உலகப் போர் வீரர்களுக்கும் அவர்களின் மனைவியருக்கும் தமிழக அரசு வழங்கும் மாத நிதியுதவியைப் பாட்டி பெற்றுவந்தார். ஆகவே அவருடைய கோப்பில் டிஸ்சார்ஜ் சான்றிதழின் நகல் இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. முதல் நாள் பதிவறைச் சாவி வைத்திருப்பவர் விடுப்பில் இருந்தார். இரண்டாம் முறை போனபோது மூத்த எழுத்தர் ஒருவர், பாட்டியின் பெயரையும் இறந்த ஆண்டையும் கேட்டுக்கொண்டு, முக்கால் மணி நேரத்தில் கோப்பை எடுத்துவந்து, படமெடுத்துக்கொள்ளவும் அனுமதித்தார். தேநீர் வாங்கித் தரக்கூட அவர் விடவில்லை. அந்த நகலில் முழு எண்ணும், 12ஆம் ஃபீல்டு கம்பெனி, மெட்ராஸ் சேப்பர்ஸ் அண்டு மைனர்ஸ் என்ற விவரமும் இருந்தன.

அந்தக் கம்பெனி, 1944 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் இத்தாலியின் காசினோவில் போரிட்ட நான்காவது இந்தியப் படைப்பிரிவைச் சேர்ந்தது. மலைச்சரிவுகளில் பாதை வெட்டுவதும் கண்ணிவெடி அகற்றுவதும் சேப்பர்களின் வேலை. அதே படைப்பிரிவின் 11ஆம் ஃபீல்டு பார்க் கம்பெனியில் இருந்த சுபேதார் சுப்பிரமணியன், 1944 பிப்ரவரி 24 அன்று மிஞ்ஞானோவில் கண்ணிவெடியின் மேல் தம் உடலைப் போட்டு மற்றவர்களைக் காத்து உயிர்நீத்து, ஜார்ஜ் கிராஸ் என்னும் உயரிய பிரிட்டிஷ் வீர விருதைப் பெற்றார். பாலம் கட்டினோம், ரோடு போட்டோம் என்பதற்கு மேல் தாத்தா வாய் திறந்ததில்லை.

அடுத்து பெங்களூர். மெட்ராஸ் சேப்பர்களின் மையம் அல்சூர் ஏரியை ஒட்டி இருக்கிறது. பிரிட்டிஷ் கடவுச்சீட்டு வைத்திருப்பவன் ராணுவ வளாகத்துக்குள் முன்அனுமதி இல்லாமல் நுழைய இயலாது என்பதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். பேரனைவிட மகளே நெருங்கிய வாரிசு என்பதால், அத்தையின் பெயரில் விண்ணப்பம் எழுதி, வட்டாட்சியர் வழங்கிய வாரிசுச் சான்றிதழின் நகலை இணைத்துப் பதிவு அஞ்சலில் அனுப்பினோம். வெளிநாட்டிலிருந்து வருவோர் இந்தச் சான்றிதழுக்கு முன்கூட்டியே விண்ணப்பித்துவிட்டால் பயண நாட்கள் மிச்சமாகும்.

நான் லண்டன் திரும்பி ஐந்து வாரங்கள் கழித்துப் பதில் வந்தது. ஓய்வூதியம் பெறாமல் வெளியேறியவர்களின் பணி ஆவணங்களை 25 ஆண்டுகள் மட்டுமே வைத்திருப்பது விதி என்பதால், தாத்தாவின் தாள்கள் எப்போதோ அழிக்கப்பட்டிருந்தன. நிரந்தரமாகக் காக்கப்படும் 'லாங் ரோல்' என்னும் பேரேட்டிலிருந்து மட்டும் ஒரே ஒரு வரியை எடுத்து எழுதியிருந்தார்கள்: எண், பெயர், சேர்ந்தது 1941, விடுவிக்கப்பட்டது 1946. ஏமாற்றம்தான் என்றாலும், அந்த எண்ணும் கம்பெனியும் கையில் இருப்பதால் கியூவில் 1944ஆம் ஆண்டு நாட்குறிப்பைக் கேட்டுப் பதிவு செய்திருக்கிறேன்.

வேலூரில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் 'அடையாளக் குறிகள்' என்ற கட்டம் கண்ணில் பட்டது. நெற்றியில் பழைய தழும்பு என்று எழுதியிருந்தது. அத்தையைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன்.

"அது பட்டாளத்துக்குப் போறதுக்கு முன்னாடியே மாடு முட்டினதுப்பா," என்றார். "குண்டுன்னு ஊர்ல சொன்னாங்க, அவரும் மறுத்துப் பேசல."