சிஏ 125க்கு ரத்தம் கொடுக்கலாம், கேன்சர் பேக்கேஜ் வாங்காதீர்கள்: எங்கள் பக்கத்து லேப் பற்றி

அம்மாவுக்குச் சினைப்பைப் புற்றுநோய். ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிந்து இப்போது ஃபாலோ-அப்பில் இருக்கிறார். சிஏ 125 என்பது சினைப்பைப் புற்றுநோயில் ரத்தத்தில் கூடக்கூடிய ஒரு புரதம், இப்படிப்பட்டவற்றை மார்க்கர் என்பார்கள். டாக்டர் சொல்லும்போதெல்லாம் அந்த ரத்தப் பரிசோதனையை மதுரையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு தனியார் லேபில்தான் எடுக்கிறோம். பெயர் போடவில்லை. நான் சொல்லப்போகும் குறைகள் பல லேப்களில் இருக்கக்கூடியவை, மார்க்கர் டெஸ்ட் எடுக்கும் எல்லாருமே கவனிக்க வேண்டியவை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கும் தம்பிக்கு முழு மார்க். கீமோ போட்டுப் போட்டு அம்மா கையில் நரம்பே கிடைக்காது, ஆஸ்பத்திரியில் இரண்டு மூன்று இடத்தில் குத்திய பிறகுதான் ரத்தம் வரும். இந்தத் தம்பி வெந்நீரில் துணி நனைத்துக் கொஞ்ச நேரம் ஒற்றடம் கொடுத்து, பொறுமையாகத் தடவிப் பார்த்து, ஒரே குத்தில் எடுத்துவிடுவார். ரிப்போர்ட் அன்று மாலையே வாட்ஸ்அப்பில் வந்துவிடும்.

கவுண்டரில் சொல்லும் விவரம்தான் சரியில்லை. வெறும் வயிற்றில் இருக்கச் சொன்னார்கள், சிஏ 125க்கு அது தேவையே இல்லை, அம்மாவுக்கோ சர்க்கரை இருக்கிறது. கேட்க வேண்டிய கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை: முடிக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா? கீமோவில் முடி கொட்டியவர்கள் பலர் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறார்கள். அது அதிக அளவில் ரத்தத்தில் இருந்தால் சில இயந்திரங்களில் அளவு தப்பாக வரும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017லேயே எச்சரித்திருக்கிறது. எனவே லேபிலும் டாக்டரிடமும் நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.

இனி பெரிய குறை. அம்மாவுக்கு அளவு ரொம்ப நாளாக 11, 12 என்றே நின்றது. ஒரு முறை திடீரென்று 24 என்று வந்தது. போன் செய்து கேட்டால் "35க்குக் கீழேதானே மேடம், நார்மல்தான்" என்றார்கள். ரிப்போர்ட்டிலும் சிவப்பு எழுத்து எதுவும் இல்லை. ஆனால் டாக்டர் அதைப் பார்த்ததும் எதுவும் பேசாமல் பழைய ரிப்போர்ட்டையெல்லாம் எடுத்து வரிசையாக வைத்தார். 35 என்பது பொதுவாக வைத்திருக்கும் ஒரு கோடு, சிகிச்சை முடிந்த ஒருவருக்கு அவருடைய சொந்த அளவுதான் கணக்கு, 11ல் நின்றவருக்கு 24 என்றால் ஏன் என்று பார்க்கத்தான் வேண்டும் என்றார். அப்புறம் அவரே கண்டுபிடித்தார், ரிப்போர்ட்டின் அடியில் பொடி எழுத்தில் பரிசோதனை முறையின் பெயர் மாறியிருந்தது. லேப் சாம்பிளை வேறு கிளைக்கு அனுப்பி வேறு கம்பெனி இயந்திரத்தில் போட்டிருக்கிறது, எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரே ரத்தத்தை இரண்டு கம்பெனி இயந்திரத்தில் போட்டால் இரண்டு எண் வரலாம், இரண்டையும் பக்கத்தில் வைத்து ஏறியது, இறங்கியது என்று சொல்லவே கூடாது. பழைய முறையிலேயே மறுபடி எடுத்தோம், 12 வந்தது. இடைப்பட்ட நாட்களில் வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. தேவையில்லாத அந்தப் பயத்தை லேப் ஒரு போன் காலில் தவிர்த்திருக்கலாம்.

பேக்கேஜ் பற்றியும் சொல்ல வேண்டும், அதில்தான் எனக்குக் கோபம் அதிகம். பெண்களுக்கான கேன்சர் பேக்கேஜ் என்று சிஏ 125, சிஇஏ (பெருங்குடல் புற்றுநோய் போன்றவற்றுக்கு), சிஏ 15-3 (மார்பகத்துக்கு), சிஏ 19-9 (கணையத்துக்கு) என்று மார்க்கர்கள் எல்லாவற்றையும் சேர்த்து ஆஃபரில் விற்கிறார்கள், எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்க வேண்டாம். அம்மாவைப் பார்த்துப் பயந்துபோய் என் சித்தி மகள் வாங்கினாள். சிஏ 125 அளவு 56 என்று வந்தது. அழுது, ஆஸ்பத்திரிக்கு ஓடி, ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளர்வது), அதனால் சினைப்பையில் வந்த சாக்லேட் சிஸ்ட் என்ற கட்டி. அதற்கு வைத்தியம் வேண்டும்தான், ஆனால் புற்றுநோய் இல்லை. மாதவிலக்கு நாட்கள், கர்ப்பம், ஃபைப்ராய்டு, கல்லீரல் நோய், நம் ஊரில் சாதாரணமாகப் பார்க்கும் வயிற்றுக் காசநோய், இவற்றில் எதிலும் சிஏ 125 ஏறலாம். மறுபக்கம், சினைப்பைப் புற்றுநோயின் முதல் கட்டத்தில் சுமார் பாதிப் பேருக்கு அது ஏறுவதே இல்லை, அதனால் நார்மல் என்று வந்தாலும் நிம்மதி அடைய முடியாது. பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்துப் பல வருடம் பார்த்தார்கள், 2021ல் முடிவு வந்தது: அறிகுறி இல்லாதவர்களுக்கு சிஏ 125ம் ஸ்கேனும் எடுத்ததால் சினைப்பைப் புற்றுநோய்ச் சாவு குறையவில்லை.

மற்ற மார்க்கர்களும் இப்படித்தான். சிகரெட் பிடிப்பவர்களுக்கு சிஇஏ கூடும். பித்தக் குழாய் அடைத்து மஞ்சள் காமாலை வந்தால் சிஏ 19-9 எகிறும், அதே நேரம் நூற்றில் 5 முதல் 10 பேருக்கு உடம்பில் அந்தப் பொருளே உற்பத்தி ஆகாது, கணையத்தில் கட்டி இருந்தாலும் எண் ஏறாது. ஆண்கள் பேக்கேஜில் வரும் பிஎஸ்ஏ என்ற பிராஸ்டேட் சுரப்பி மார்க்கர், வயதானால் வரும் பிராஸ்டேட் வீக்கத்திலும், சிறுநீர்த் தொற்றிலும் கூடும். வீட்டில் யாருக்காவது மார்பகம் அல்லது சினைப்பைப் புற்றுநோய் இருந்து உங்களுக்குப் பயம் இருந்தால் அந்தப் பணத்தை ஒரு நல்ல டாக்டரைப் பார்க்கச் செலவழியுங்கள், ஜீன் பரிசோதனை வேண்டுமா என்று அவர் சொல்வார்.

ஃபாலோ-அப்பில் இருப்பவர்களும் பதற்றத்தில் தாங்களாகவே அடிக்கடி எடுக்காதீர்கள். சினைப்பைப் புற்றுநோயில் சிஏ 125 மட்டும் ஏறியதை வைத்து உடனே கீமோ தொடங்கியவர்கள், அறிகுறி வரும்வரை காத்திருந்தவர்களைவிட அதிக நாள் வாழவில்லை என்று 2010ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. எப்போது எடுப்பது என்பதை டாக்டர் சொல்லட்டும். வயிறு உப்புசம், பசியின்மை என்று ஏதாவது வந்தால் மட்டும் தேதி வரும்வரை காத்திருக்காமல் போய்விடுங்கள், எண் எப்படி இருந்தாலும்.

ஹோம் கலெக்‌ஷனுக்கு ஐந்துக்கு ஐந்து, ரிப்போர்ட்டுக்கு மூன்று, பேக்கேஜுக்கு ஒன்றுகூடக் கிடையாது. அம்மாவின் பழைய அளவெல்லாம் அங்கே இருப்பதால் லேபை மாற்றவில்லை. நான் எழுதிக் கொடுத்த புகாருக்குப் பிறகு, இயந்திரமோ முறையோ மாறினால் சாம்பிள் எடுக்கும் முன்பே போன் செய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். செய்கிறார்களா என்று பார்த்துவிட்டு இங்கேயே சேர்த்து எழுதுகிறேன்.