பாய்மரப் படகில் ஹாக்கின்ஸ் ஸ்டீல் குக்கர் (5 லிட்டர்): அடுப்படியிலிருந்து ஒரு மதிப்பீடு

மலேசியாவின் லங்காவிக்கும் தாய்லாந்தின் புக்கெட்டுக்கும் நடுவிலுள்ள தீவுகளில், 38 அடி பாய்மரப் படகில் நாங்கள் நாலு பேரும் குடும்பம் நடத்துகிறோம். பிள்ளைகள் இரண்டு பேருக்கும் பாடமும் படகில்தான். இந்த வாழ்க்கைக்கு வர நினைப்பவர்கள் நங்கூரம் எது நல்லது, சோலார் பேனல் எத்தனை வேண்டும் என்றெல்லாம் கேட்கிறார்கள். ஆடுகிற படகில் மூன்று வேளையும் எப்படிச் சமைக்கிறீர்கள் என்று கேட்பவர்கள் குறைவு. என்னைக் கேட்டால் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

ஹாக்கின்ஸ் குக்கரில் எனக்குப் பிடித்தது அதன் மூடி. சாய்த்து உள்ளே விட்டு, உள்பக்கமாக வாயோடு பொருத்த வேண்டும். ஆவி ஏற ஏற மூடி விளிம்போடு இறுகிக்கொள்ளும்; அழுத்தம் இறங்கும்வரை திறக்க வராது. ஊரில் இதை யாரும் பெரிதாக நினைத்திருக்க மாட்டோம். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் இந்தக் கடல் உருட்டும்போதுதான் அருமை தெரியும். படகு அடுப்பு, படகு சாய்ந்தாலும் தொட்டில்போல ஆடி மட்டமாக நிற்கும். பாத்திரத்தைப் பிடித்துக்கொள்ள இரண்டு பக்கமும் கம்பிகள் உண்டு. ஆனாலும் திடீரென்று ஒரு அலை பக்கவாட்டில் அடித்தால் திறந்த சட்டியிலுள்ள குழம்பு தரைக்கு வந்துவிடும். குக்கர் சாய்ந்தாலும் சோறு உள்ளேயே இருக்கும். பக்கத்தில் பிள்ளைகள் நடமாடும் இடத்தில் இதைவிடப் பெரிய நிம்மதி எனக்கு வேறில்லை.

அடுத்தது கேஸ். படகில் கேஸ் என்றால் பயம் இருக்க வேண்டும். அது காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, படகின் அடிவயிற்றில் போய்த் தேங்கும். ஒரு தீப்பொறி போதும். அதனால் சிலிண்டரை வெளியே தனிப் பெட்டியில் வைத்து, சமையல் முடிந்ததும் அங்கேயே வால்வை மூடுகிறோம். அடுப்பு எரியும் நேரம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. ஊறவைத்த கொண்டைக்கடலையைத் திறந்த பாத்திரத்தில் வேகவைக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். குக்கரில் கால் மணி, இருபது நிமிடம். நாடு மாறினால் சிலிண்டர் வாயும் மாறுகிறது, நிரப்புவது பெரும்பாடு. அப்புறம் புழுக்கம். வெளியே முப்பது டிகிரி இருக்கும்போது அடுப்பைச் சீக்கிரம் அணைத்தால் படகு முழுக்க மூச்சு விடுகிறது.

இப்போது முக்கியமான விஷயம்: தண்ணீர். நம் வீடுகளில் குக்கருக்குள் அடுக்குப் பாத்திரம் வைப்போமே, கீழே பருப்பு, மேலே அரிசி, சுற்றிலும் கொஞ்சம் தண்ணீர். அந்தச் சுற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீராக இருக்க வேண்டியதில்லை. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருந்தாலும் ஆவியில் உப்பு ஏறாது. அதனால் நான் அடியில் கடல்நீரை ஊற்றுகிறேன். தொட்டியின் நல்ல தண்ணீர் உள்பாத்திரங்களுக்கு மட்டும். குக்கர் கம்பெனி இதைச் சொல்லவில்லை, என் பொறுப்பில் செய்கிறேன். உள்பாத்திரங்களைத் தட்டால் மூட வேண்டும், இல்லையென்றால் ஆட்டத்தில் தெறித்துப் பருப்பு கரிக்கும். கரையிலிருந்து விலகிய தெளிந்த கடலில்தான் தண்ணீர் எடுக்க வேண்டும். லங்காவியின் குவா ஊர்த்துறை போலப் படகுகள் கூட்டமாக நிற்கும் இடத்தில் கூடவே கூடாது, கழிவெல்லாம் அங்கேதான் போகிறது. ஓடும் படகிலிருந்து வாளி விடும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். ஐந்து நாட் (மணிக்குச் சுமார் 9 கிலோமீட்டர்) வேகத்தில்கூட நிறைந்த வாளி தோளைப் பிடுங்கிவிடும்.

சமைத்ததும் ஒரு டம்ளர் நல்ல தண்ணீரில் அலசித் துடைத்துவிட வேண்டும். எந்த ஸ்டீலாக இருந்தாலும் உப்புநீர் நின்றால் புள்ளி விழும். அலுமினியம் இதற்குச் சரிவராது. முன்பு வைத்திருந்த வேறொரு கம்பெனியின் அலுமினியக் குக்கர் உள்ளே பொரிந்து பொரிந்து வீணானது.

விசில் எண்ணும் பழக்கத்தை விட்டுவிட்டேன். இன்ஜின் ஓடும்போது காது கேட்காது. மேலே இவர் பாய்க்கயிற்றைப் பிடிக்கக் கூப்பிட்டால் எண்ணிக்கை தவறும். ஆவி வந்ததும் தீயைக் குறைத்து டைமர் வைக்கிறேன். நிரப்புவது பாதிக்கு மேல் இல்லை. பருப்பில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் நுரை அடங்கும், ஆவிக்குழாய் அடைபடாது. குழாயை ஒவ்வொரு தடவையும் வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் மூடுகிறேன். கடல் ஆடும்போது எவ்வளவு புழுக்கமாக இருந்தாலும் முழு பேண்ட்டும் ஏப்ரனும் போட்டுத்தான் அடுப்புக்கு முன் நிற்பேன்.

நங்கூரமிட்ட இடத்தில் விசில் சத்தம் நன்றாகவே கேட்கும். பக்கத்துப் படகிலிருந்த பிரெஞ்சுக் குடும்பம் ஏதோ அபாய மணி என்று பயந்து ரப்பர் படகில் வந்துவிட்டது. சாம்பார் சாதம் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். அந்த அம்மாவும் இப்போது ஒரு குக்கர் தேடிக்கொண்டிருக்கிறார்.

வாங்குவதற்கு முன் இரண்டை அளந்துகொள்ளுங்கள். உள்மூடி என்பதால் வாய் உடம்பைவிடக் குறுகல். அடுக்குப் பாத்திரங்கள் அந்த வாய்க்குள் நுழைய வேண்டும். படகு அடுப்பின் மேல் எவ்வளவு உயரம் இருக்கிறது, கைப்பிடி அந்தக் கம்பிகளில் இடிக்குமா என்பதையும் பாருங்கள். இரண்டு பேர் மட்டும் என்றால் 3 லிட்டர் போதும். கேஸ்கெட், சேஃப்டி வால்வு, வெயிட் மூன்றிலும் உதிரி வாங்கி வைத்துவிட்டுக் கிளம்புங்கள். சின்னத் தீவுகளில் பருப்பு கிடைத்தாலும் கேஸ்கெட் கிடைக்காது.