ரவுட்டர் பழுது என்று சொன்னால் உடனே காசை எடுக்காதீர்கள்

கிளிநொச்சி, பரந்தன் பக்கம் வீட்டுக்குக் கமரா பூட்டக் கொடுக்கிறவர்கள் இதை வாசித்துவிட்டுக் கொடுங்கள். கடையின் பெயர் போடவில்லை. இப்படி வேலை செய்கிற கடைகள் வேறும் இருக்கின்றன.

கமராவும், அதன் படத்தைப் பதிவு செய்கிற டிவிஆர் பெட்டியும் பூட்டினார்கள். படம் நல்ல தெளிவு, அதில் குறை சொல்ல ஏலாது. ஆனால் அதன்பிறகு கரண்ட் போய் வருகிற நேரமெல்லாம் மகளின் லப்டொப்பில் இன்டர்நெட் படுத்துவிடும். ஐபி முகவரி (ரவுட்டரோடு சேர்கிற ஒவ்வொரு கருவிக்கும் உள்ள தனி எண்) மோதுகிறது என்று ஓர் அறிவிப்பும் வரும்.

கடையிலிருந்து வந்த பெடியன் ரவுட்டரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அண்ணை, மின்னலுக்கு அடிபட்டிட்டுது, மாத்தத்தான் வேணும்" என்றான். வன்னியில் மின்னலைக் காரணம் சொன்னால் யார் மறுப்பார்கள்? புதிய ரவுட்டர் 8,500 ரூபா. வேடிக்கை என்னவென்றால், பழுது என்ற பெட்டியைக் கழற்றவே இல்லை. ஃபைபர் வயர் அதில்தானே வருகிறது! புதியதை அதோடு கொழுவிவிட்டுப் போனான். இரண்டுக்கும் 192.168.1.1 என்ற ஒரே முகவரி, இரண்டும் முகவரி பங்கிடத் தொடங்கின. வீடு முழுக்கக் குழப்பம். அடுத்து "லப்டொப்பில வைரஸ்" என்று விண்டோஸ் அடிக்க 2,500.

வவுனியாவில் படிக்கிற மருமகன் வந்துதான் பிடித்தான். புதிய ரவுட்டரைக் கழற்றி, லப்டொப்பை நிறுத்திவிட்டு, அதற்குக் கிடைத்திருந்த 192.168.1.3 என்பதைப் போனின் பிரவுசரில் அடித்தான். டிவிஆரின் லொகின் பக்கம் வந்து நின்றது! ரவுட்டர் டிஎச்சிபி முறையில் தானாகப் பங்கிடுகிற எண்களுக்குள் ஒன்றை, கடைக்காரர் டிவிஆருக்குக் கையால் எழுதி வைத்திருக்கிறார். கரண்ட் வந்து ரவுட்டர் புதிதாகத் தொடங்கும்போது அது தெரியாமல் அதே எண்ணை லப்டொப்புக்கும் கொடுக்கிறது. ஒரே காணிக்கு இரண்டு உறுதி எழுதின கதை.

டிவிஆரை 192.168.1.200க்கு மாற்றி, ரவுட்டரின் பங்கீட்டை 2 முதல் 150 வரை என்று குறுக்கியதும் சரி. அதுவும் லேசில் நடக்கவில்லை. டிவிஆரின் பாஸ்வேர்ட் கடையில்தான் இருந்தது. "அது கஸ்டமருக்குக் குடுக்கிறேல்லை" என்றார்கள். கடை வாசலில் நின்று சத்தம் போட்ட பிறகே எழுதித் தந்தார்கள். நீங்கள் மிச்சக் காசு கொடுக்கமுதல் பாஸ்வேர்டையும் டிவிஆரின் முகவரியையும் எழுதி வாங்குங்கள்.

பக்கெற் பிரித்த புது ரவுட்டரைத் திருப்பி எடுக்கமாட்டார்களாம். நுகர்வோர் விவகார அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு முறையிடலாம்தான், ஆனால் பில்லோடு போனால்தான் கதைக்கலாம். எனக்குத் தந்த துண்டில் கடையின் பெயரும் இல்லை, திகதியும் இல்லை.