அம்பாசிடருக்கு டேப்பட் வேலை: கும்பகோணம் லேத் பட்டறை அனுபவம்

எங்கள் வீட்டு அம்பாசிடர் 1977 மாடல், மார்க் 3. அப்பா வாங்கியது. இன்ஜின் மாற்றாமல் அதே 1489 சிசி பெட்ரோலில்தான் இன்னும் ஓடுகிறது. ஒரு வருஷமாக டேப்பட் சத்தம் (வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கர் என்ற கைக்கும் நடுவில் இடைவெளி கூடினால் வரும் டக் டக்) தாங்கவில்லை, பாபநாசம் கடைத்தெருவில் நான் திரும்பும்போதே அம்மா கேட்டைத் திறக்க வந்துவிடுவார், அந்த அளவுக்கு.

முதலில் காட்டிய மெக்கானிக்கின் பெயர் வேண்டாம். இன்ஜின் மேல் கவரைக் கழற்றி, சத்தம் நிற்கும்வரை எட்டு ராக்கரையும் இறுக்கி விட்டு 500 ரூபாய் வாங்கிக்கொண்டார். இரண்டு நாள் அமைதி. அப்புறம் இன்ஜின் சூடானால் ஐடிலில் மிஸ் ஆனது, சைலன்சரில் பட் பட் என்று வெடித்தது. சூட்டில் வால்வு நீள்கிறது, இடைவெளி இல்லாவிட்டால் அது சீட்டில் முழுசாக உட்காராது, இப்படியே ஓட்டினால் எக்ஸாஸ்ட் வால்வு கருகும். டேப்பட் கொஞ்சம் சத்தம் போட்டால் பரவாயில்லை, சத்தமே இல்லாவிட்டால்தான் பயப்படணும் என்று பழைய டிரைவர்கள் சொல்வது இதைத்தான். இடைவெளியை மறுபடி 15 தௌவுக்கு (தௌ என்றால் இஞ்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வைத்தால் சத்தமும் திரும்பிவிட்டது.

தாராசுரம் தாண்டி ஒரு லேத் பட்டறை இருப்பதாக டிராக்டர் வைத்திருக்கும் மாமா சொன்னார். போர்டு கிடையாது. வாசலில் பம்ப்செட் இன்ஜின்களும் பவர் டில்லர் கியர்பாக்ஸும் குவிந்து கிடக்கும், கார் வேலை அவர்களுக்கு எப்போதாவதுதான். அறுபதைத் தாண்டிய மேஸ்திரி ஒருவர், இரண்டு பையன்கள், ஒரு பழைய லேத், அவ்வளவுதான் பட்டறை.

மேஸ்திரி வந்ததும் ஸ்பேனரை எடுக்கவில்லை. நீள ஸ்க்ரூடிரைவரை இன்ஜின் மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்து, நான் ஆக்ஸிலரேட்டர் கொடுக்கக் கொடுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தார். கீழே பேரிங் சத்தமாக இருக்குமோ என்று எனக்குப் பயம். கிராங்க் (பிஸ்டன்கள் சுற்றும் கீழ்த் தண்டு) இரண்டு சுற்றுச் சுற்றினால்தான் கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்க வைக்கும் தண்டு) ஒரு சுற்று, அதனால் மேல் சத்தம் கீழ் சத்தத்தைவிடப் பாதி வேகத்தில்தான் அடிக்கும், இது மேல் சத்தம்தான் என்றார். கவரைக் கழற்றி, ஓடும்போதே ஒவ்வொரு ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவில் ஃபீலர் தகட்டை, அதாவது இடைவெளி அளக்கும் கேஜை, செருகிப் பார்த்தார் (என் வேட்டியில் ஆயில் தெறித்தது வேறு கதை). மூன்றாவது வால்விலும் ஆறாவதிலும் தகடு போனதும் சத்தம் அமுங்கியது.

“15 தௌ சரியா வச்சாலும் அடிக்குதே மேஸ்திரி” என்றேன்.

“கேஜை நம்பாதீங்க தம்பி, இங்க தொட்டுப் பாருங்க.”

ராக்கரின் மூக்கை நகத்தால் தடவினேன், நடுவில் நகம் இறங்கியது. வால்வு தண்டு இத்தனை வருஷம் அடித்து அடித்து அதில் சின்னக் குழி விழுந்திருக்கிறது. ஃபீலர் தகடு அகலமானது, வாய்க்கால் மேல் போட்ட தென்னை மரப் பாலம் மாதிரி குழியின் இரண்டு கரையிலும் உட்கார்ந்துகொள்ளும். நாம் 15 தௌ என்று வைப்பது கரைக்கு. தண்டு ஆடுவது குழிக்குள், அங்கே இடைவெளி இன்னும் அதிகம். இதைப் பார்க்காமல் நான் ஒரு வருஷம் டேப்பட் திருகிக்கொண்டிருந்தேன்!

அடுத்து ரேடியேட்டர் தண்ணீரை இறக்கச் சொன்னார். மேல் வேலைக்குத் தண்ணீர் எதற்கு என்று நினைத்தேன். இந்த இன்ஜினில் ராக்கர் ஷாஃப்ட்டை (ராக்கர்கள் கோத்திருக்கும் தண்டு) பிடிக்கும் நட்டுகளில் நான்கு, ஹெட்டையும் (சிலிண்டர்களின் மேல்மூடி) சேர்த்துப் பிடிக்கின்றன. அவற்றை மட்டும் கழற்றினால் ஹெட் ஒரு பக்கம் இழுத்துக் கோணலாகலாம், தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கலாம். அதனால் ஹெட் நட் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி விட்டுத்தான் ஷாஃப்ட்டைத் தூக்கினார். முன்பு பார்த்த எவரும் இப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

ஷாஃப்ட்டின் அடிப்பக்கம் ராக்கர் உட்காரும் இடமெல்லாம் படிப்படியாகத் தேய்ந்திருந்தது. உள்ளே ஆயில் ஓட்டையில் பாதி கறுப்புக் களிம்பு. 5/8 இஞ்சு ஷாஃப்ட் புதிது, சென்னை புதுப்பேட்டையிலிருந்து வரவழைத்தோம். எட்டு ராக்கருக்கும் கன்மெட்டல் புஷ் (ஓட்டைக்குள் போடும் உலோக வளையம்) கடைந்து அடித்து, அடித்த பிறகு ஆயில் ஓட்டை துளைத்து, உள்ளளவு சரியாக வர ரீமர் விட்டார். விரலால் தட்டினால் ராக்கர் வழுக்கிச் சுற்ற வேண்டும், ஆனால் பக்கவாட்டில் அசையக் கூடாது. மூக்கைக் கிரைண்டிங்கில் வளைவு மாறாமல் எடுத்தார், ஒன்றுக்கே அரைமணி நேரம். ராக்கரைக் கீழிருந்து தள்ளும் புஷ் ராடு கம்பிகளைக் கண்ணாடி மேல் உருட்டியதில் ஒன்று வளைந்திருந்தது, அதையும் மாற்றினோம்.

மாட்டி முடித்ததும் டேப்பட்டை முறையாக வைக்க எனக்கும் சொல்லிக் கொடுத்தார். எட்டாவது வால்வு முழுசாக அழுந்தியிருக்கும்போது ஒன்றாவதைப் பார், ஏழுக்கு இரண்டு, ஆறுக்கு மூன்று, இரண்டு எண்ணையும் எப்படிக் கூட்டினாலும் ஒன்பது வரணும். இப்போது வீட்டில் நானே வைக்கிறேன்.

இப்போது குறைகள். மூன்று நாள் என்றார், பதினோரு நாள் ஆயிற்று. ஜூன் 12 மேட்டூர் திறப்பை ஒட்டிக் குறுவை வேலை, டிராக்டரும் பம்ப்செட்டும் வரிசையில் நிற்க, என் அம்பாசிடர் புளிய மரத்தடியில் காக்கை எச்சத்தோடு கிடந்தது. விவசாயி வண்டி முன்னால் போவதில் எனக்குக் கோபமில்லை, ஆனால் அதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். போன் எடுக்கவே மாட்டார்கள். பில் கிடையாது, துண்டுச்சீட்டில் கணக்கு: ஷாஃப்ட், ராடு, புஷ், கூலி எல்லாம் சேர்த்து 7,400 ரூபாய். கவரின் பழைய கார்க் கேஸ்கெட்டையே திரும்பப் போட்டதில் ஆயில் கசிந்தது, மறுபடி போக வேண்டியதாயிற்று. காசு வாங்கவில்லை, ஆனால் போக வர அரை நாள் போயிற்று.

சத்தம்? காலையில் முதல் ஸ்டார்ட்டில் லேசாக டிக் டிக், சூடானதும் தையல் மிஷின் மாதிரி ஒரே சீராக ஓடுகிறது. மிஸ் இல்லை. 800 கிலோமீட்டர் ஓடியாயிற்று, ஒரு தடவை டேப்பட் பார்த்ததில் ஆறாவது மட்டும் ஒரு தௌ மாறியிருந்தது.

போகிறவர்கள் கார்க் கேஸ்கெட்டையும் 20 டபிள்யூ 50 ஆயிலையும் நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள். ஜூன், ஜூலையில் போகாதீர்கள், பொங்கல் முடிந்து அறுவடையும் ஓய்ந்த பிறகு போனால் மேஸ்திரி உட்கார்ந்து பேசுவார்.