சுசுகி இன்ட்ரூடர் 150: எனக்குப் பிடித்த, பலருக்குப் பிடிக்காத வண்டி

சுசுகியின் இன்ட்ரூடர் 150 பைக் இந்தியச் சந்தைக்கு வந்தது 2017 நவம்பரில். படத்தைப் பார்த்தவர்கள் அன்றே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். ஒரு லட்சத்துக்குள் இப்படியொரு வண்டியா என்று வியந்தவர்கள் ஒரு பக்கம், இது என்ன கோலம் என்று முகம் சுளித்தவர்கள் இன்னொரு பக்கம். நடுவில் நின்றவர்களை நான் பார்த்ததேயில்லை. நான் முதல் கட்சி. அடுத்த வருடம், கார்புரேட்டருக்குப் பதிலாகப் பெட்ரோலை அளந்து தெளிக்கும் ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் மாடல் வந்ததும் வாங்கினேன். இன்றைக்கும் சேலத்தில் தினமும் வேலைக்குப் போவது, ஏற்காடு ஏறுவது, பெங்களூரு போய் வருவது எல்லாமே இதில்தான். இத்தனை வருடம் ஓட்டிய பிறகு உறுதியாகச் சொல்வேன்: எந்த அளவுகளால் இந்த வண்டி பார்க்க வித்தியாசமாக இருக்கிறதோ, அதே அளவுகளால்தான் ஓட்ட நன்றாக இருக்கிறது.

இந்த வடிவத்தின் மூலம் சுசுகியின் பெரிய பைக்கான இன்ட்ரூடர் எம்1800ஆர். 1783 சிசி வி-ட்வின் எஞ்சின் (V வடிவில் இரண்டு சிலிண்டர்), 240 மில்லிமீட்டர் அகலப் பின் டயர், 347 கிலோ எடை கொண்ட ராட்சத வண்டி அது. அதன் இரண்டு சக்கர மையங்களுக்கும் இடையிலான தூரம், அதாவது வீல்பேஸ், 1710 மில்லிமீட்டர். அந்த நீளத்துக்காகத்தான் முகப்பில் தொடங்கி டேங்க் வழியாக வால் வரை ஒரே இழுப்பாக ஓடும் கோட்டை வரைந்திருக்கிறார்கள். அதே கோட்டை, சுசுகியின் சின்ன பைக்கான ஜிக்ஸர் 155-இன் அடித்தளத்தின் மேல் கொண்டுவந்து வைத்தார்கள். ஜிக்ஸரின் வீல்பேஸ் 1330. இன்ட்ரூடருக்காக அதை 1405 ஆக நீட்டினார்கள். அப்படியும் பெரிய அண்ணனைவிட இது ஓர் அடி குட்டை. எம்1800ஆரில் ஃபிரேமுக்குள் இருக்கும் இடத்தை அந்தப் பெரிய எஞ்சின் முழுக்க அடைத்துக்கொள்ளும். இங்கே இருப்பது காற்றாலேயே குளிரும் (ஏர்-கூல்டு) சின்ன ஒற்றை சிலிண்டர் எஞ்சின். மேலே டேங்கும் முகப்பும் புடைத்து நிற்க, கீழே எஞ்சினைச் சுற்றி வெற்றிடம் தெரிகிறது. கண் தடுக்குவது அங்கேதான். பக்கத்து வீட்டு அண்ணன் முதல் நாளே, "மாட்டுத் தலையக் கன்னுக்குட்டிக்கு வெச்ச மாதிரி இருக்குது" என்றார். அவர் குறையாகச் சொன்னாலும், பார்த்த விதம் சரி. தலைக்கும் உடம்புக்கும் உள்ள விகிதம்தான் விஷயம்.

எந்தக் கோணத்தில் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து இந்த வண்டி மாறும். நேர் பக்கவாட்டில் நின்று பார்த்தால் சொல்கிற குறையெல்லாம் உண்மை. இரண்டடி தள்ளி, முன்பக்க மூலையிலிருந்து பாருங்கள். லென்ஸ் வழியே ஒளி வீசும் ப்ரொஜெக்டர் விளக்கு, அதற்குக் கீழே எல்இடி கோடு, பின்னால் விரிந்து போகும் டேங்கின் தோள்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துவிடும். எனக்கு அது அழகு. கம்பெனியின் விளம்பரப் படங்களில் பக்கவாட்டுப் படமே அதிகம் என்பது என் வருத்தம்.

பலருக்கு இது பிடிக்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் ஊரில் க்ரூஸர், அதாவது காலை முன்னால் நீட்டிச் சாவகாசமாக ஓட்டும் பைக், என்றால் எப்படி இருக்கவேண்டும் என்று பஜாஜ் ஏற்கெனவே கற்றுக் கொடுத்துவிட்டது. 2001-இல் எலிமினேட்டர், 2005-இல் அவெஞ்சர். நீளமான உடம்பு, உருண்டை விளக்கு, பளபளக்கும் குரோம், மெல்லிய டேங்க். பெரிய வண்டி என்றால் புல்லட். இந்த இரண்டு அச்சிலும் பொருந்தாத ஒன்று வந்தால் மக்கள் திகைக்கத்தான் செய்வார்கள். பெட்ரோல் பங்கில் பெரியவர்கள் வந்து, "தம்பி, இது எத்தனை சிசி? ஐநூறு இருக்குமா?" என்று கேட்பார்கள். நூற்றைம்பத்தைந்து என்றதும் முகம் வாடிவிடும். சிசி-யைக் கேட்காமல் உட்கார்ந்து பார்த்தவர்களின் முகத்தில் அந்த வாட்டம் வந்ததில்லை.

சரி, ஓட்டும் விஷயத்துக்கு வருவோம்.

சீட் உயரம் 740 மில்லிமீட்டர்தான். நான் ஐந்தடி நாலங்குலம். இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் பதியும். எடை 150 கிலோவுக்கும் குறைவு. செவ்வாய்ப்பேட்டைச் சந்தில் மூட்டை இறக்கும் லாரிக்கும் தள்ளுவண்டிக்கும் நடுவே காலால் தள்ளிக்கொண்டு போகலாம். ஐந்து ரோட்டில் சிக்னல் விழும்போது வண்டி சாய்ந்துவிடுமோ என்ற பயம் கிடையாது. அவெஞ்சர் 220-இன் வீல்பேஸ் 1490. நண்பரின் அவெஞ்சரில் ஒரே மூச்சில் திரும்ப முடியாத இடத்தில் இதை வளைத்து எடுத்துவிடுகிறேன். அந்த எட்டரை சென்டிமீட்டரின் அருமை சந்தில்தான் தெரியும். ஹேண்டில்பார் மட்டும் அகலம், 805 மில்லிமீட்டர். இரண்டு ஆட்டோவுக்கு நடுவே நுழையும்போது அதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த வண்டியின் உண்மையான இடம் ஏற்காடு ரோடு. இருபது கொண்டை ஊசி வளைவுகள். முன்னும் பின்னும் 17 அங்குலச் சக்கரம், பின்னால் 140 அகலத்தில் ரேடியல் டயர், நடுவில் மோனோஷாக் என்ற ஒற்றை ஷாக் அப்சார்பர். எல்லாம் ஜிக்ஸர் குடும்பத்துச் சொத்து. நாம் காலை முன்னால் நீட்டி, கையை அகல விரித்து, சாவகாசமாக உட்கார்ந்திருப்போம். அடியில் இருப்பதோ சுறுசுறுப்பான வண்டி. வளைவுக்கு முன்பே இரண்டாவது கியர் போட்டு, பார்வையை வளைவின் முடிவில் வைத்தால் போதும், தானாகப் படுத்து எழும். நீளமான க்ரூஸரில் உள்வளைவில் திணறுவதுபோல இதில் திணற வேண்டியதில்லை. மார்கழிக் காலைக் குளிரில்கூட ஒரே ஸ்டார்ட். இன்ஜெக்‌ஷன் மாடலுக்குக் கூடுதலாகக் கொடுத்த காசு அங்கே திரும்பி வந்துவிடுகிறது. இறக்கத்தில் முன் சக்கரத்துக்கு ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) இருப்பது பெரிய நிம்மதி. மழைக்காலத்தில் சருகும் மண்ணும் கிடக்கும் ரோடு அது. இருட்டிய பிறகு மட்டும் கவனம் வேண்டும். ப்ரொஜெக்டர் விளக்கின் வெளிச்சம் கோடு கிழித்ததுபோல ஓர் இடத்தில் நின்றுவிடும். வளைவில் அந்தக் கோட்டுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாது. நான் ஏற்காட்டிலிருந்து பொழுதோடு இறங்கிவிடுவேன்.

நெடுஞ்சாலையில் எதிர்பார்ப்பைச் சரியாக வைத்துக்கொள்ள வேண்டும். 14.8 குதிரைத்திறன், ஐந்து கியர். சேலத்திலிருந்து பெங்களூருக்கு 80-இல் போனால் நாள் முழுக்கப் போகும், எஞ்சின் முனகாது. 90-ஐத் தாண்டினால் ஃபுட்ரெஸ்ட்டில் அதிர்வு வரும், காற்று நெஞ்சில் நேராக மோதும். தொப்பூர் கணவாயில் லாரிகளுக்கு நடுவே முந்தும்போது, முன்னாலேயே கியரைக் குறைத்து வேகத்தைக் கட்டிக்கொண்டுதான் வெளியே எடுக்கவேண்டும். முறுக்கினால் பாயும் என்று நம்பி வலதுபக்கம் வரக்கூடாது. தோற்றம் 1800, மூச்சு 155. என் ஓட்டத்துக்கு லிட்டருக்கு 40-க்கு மேல் கொடுக்கிறது. டேங்க் பார்க்கத்தான் பெரிது, கொள்ளளவு 11 லிட்டர். மீதியெல்லாம் மேலே போர்த்திய பேனல். இருந்தும் பெங்களூரு போய்த் திரும்ப ஒரு டேங்க் போதும்.

முதுகைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கால் முன்னால் நீண்டிருப்பதால் உடம்பின் எடை முழுக்க இடுப்பின் அடிப்பகுதியில் இறங்குகிறது. சாதாரண பைக்கில் பள்ளம் வந்தால் ஃபுட்ரெஸ்ட்டில் அழுத்தி லேசாக எழுந்துகொள்வோம். இதில் அது முடியாது. எந்த க்ரூஸரிலும் உள்ளதுதான், ஆனால் நம் ஊர் ஸ்பீட் பிரேக்கர்களில் உறைக்கும். நான் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி டீ குடித்துவிட்டு நடப்பேன். இடுப்பு வலி ஏற்கெனவே இருப்பவர்கள் வாங்குவதற்கு முன் மோசமான ரோட்டில் அரை மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள். ஷோரூம் வாசலில் ஒரு சுற்று சுற்றினால் ஒன்றும் தெரியாது.

பின்னால் உட்காருபவர்கள் விஷயம் அவரவர் வீட்டைப் பொறுத்தது. அம்மாவுக்கு ஏறி இறங்குவது சுலபம், உயரம் குறைவு. முதுகுக்குச் சாய்மானம் ஒன்று வாங்கிப் பொருத்திய பிறகு, கோயிலுக்கு வேறு வண்டியில் கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறார்.

அப்புறம் பேனல்கள். இந்த வண்டியின் முகமே பிளாஸ்டிக்தான், அதை மதித்து வைத்துக்கொள்ள வேண்டும். வயரிங் பார்க்கவோ டேங்க்கைக் கழற்றவோ முதலில் இந்தப் போர்வையை எடுக்கவேண்டும். பழக்கமில்லாத ஒரு பட்டறையில் அவசரத்தில் இழுத்து இரண்டு கிளிப்பை உடைத்துவிட்டார்கள். அதன்பிறகு ரொம்ப நாள் கடகட சத்தம். இப்போது பார்க்கும் மெக்கானிக் தம்பி, "அண்ணே, கழட்டுறதுக்கே அரை மணி நேரம் ஆகுது, கூலி சேத்துக் குடுங்க" என்பார். மகிழ்ச்சியாகக் கொடுப்பேன். அந்தப் பொறுமைக்கு அது தகும். வெயிலில் நிறுத்தினால் கறுப்பு நிறம் சீக்கிரம் வெளுக்கும். நிழல் தேடி நிறுத்துவது எனக்குப் பழகிவிட்டது.

2020-இல் புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிக்கு ஏற்ற பிஎஸ்6 மாடல் வந்தபோது திறன் 13.6 ஆகக் குறைந்தது, விலை 1.20 லட்சத்துக்கு ஏறியது. 2022-இல் இந்தியாவில் விற்பனையை நிறுத்திவிட்டார்கள். எனக்கு அது நிஜமாகவே வருத்தம். ஆறாவது கியரும் இன்னும் ஓர் ஐந்து குதிரைத்திறனும் கிடைத்திருந்தால், இந்த உருவத்தைக் கேலி செய்தவர்களில் பாதிப்பேர் மனம் மாறியிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

இன்று வாங்குவதென்றால் பழைய வண்டிதான். எஞ்சினைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். கிளட்ச், பிரேக், செயின், டயர் போன்ற தேய்மானப் பொருள்களுக்கெல்லாம் ஜிக்ஸர் துணை இருக்கிறது. அந்த வண்டியைத் தெரிந்த மெக்கானிக் எந்த ஊரிலும் கிடைப்பார். இன்ட்ரூடருக்கே உரியவை முகப்பு விளக்குக் கூடு, டேங்க்கின் இரண்டு பக்கப் பேனல்கள், வால் பகுதி. இவற்றைத் தேடுவதுதான் இனி பாடு. ஆகவே வண்டியைப் பார்க்கப் போகும்போது ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே இந்த மூன்றையும் கையால் அழுத்திப் பாருங்கள், கிளிப் ஆடுகிறதா, விரிசலை ஒட்டி மறைத்திருக்கிறார்களா என்று. முழுதாக இருந்தால் விலை பேசுங்கள். உடைந்திருந்தால், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேறு வண்டியைத் தேடுங்கள்.